5 வோல்ட் 15 ஆன இரவு: ஒரு பக் மாட்யூலைச் சுற்றிக் கட்டிய சர்க்யூட்

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்டி இன்றோடு 41 நாளாக ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை. இதற்கு முன் அது பத்து நாள் சேர்ந்தாற்போல ஓடியதே கிடையாது. அதனால்தான் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பது பெரிய சமாச்சாரம் எதுவும் இல்லை. ஒரு இ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர்), நீர்மட்டம் பார்க்க ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், வெப்பநிலைக்கு ஓர் எல்.எம்.35, பம்பின் கான்டாக்டரை (பம்புக்கான பெரிய மின்சுவிட்ச்) இழுக்க 5 வோல்ட் ரிலே ஒன்று. புரோகிராம் இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. மீதிக் காலம் முழுவதையும் தின்றது பவர் சப்ளை மட்டுமே.

கையில் இருந்த அடாப்டர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரகம். மேலே 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு, ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். இந்த வகை அடாப்டர் 12 வோல்ட் கொடுப்பது முழு லோடில் மட்டும்தான். என் சர்க்யூட்டின் குறைந்த லோடில் மீட்டர் 16.2 காட்டியது. இதை நான் முதல் நாளே அளந்திருக்க வேண்டும். அளந்தது நாலாவது நாள்.

முதலில் போட்டது 7805, அதிக வோல்டேஜை வெப்பமாக எரித்து 5 வோல்ட் தரும் லீனியர் ரெகுலேட்டர் ஐசி. டேட்டாஷீட்டில் உள்ளபடி இன்புட்டில் 0.33 மைக்ரோஃபாரட், அவுட்புட்டில் 0.1. ஹீட்சிங்க் போடவில்லை, ஏனென்றால் என் லோடு சராசரியாக 250 மில்லிஆம்பியர்தான். 1 ஆம்பியர் தாங்கும் ஐசிக்கு அது என்ன சுமை என்று நினைத்தேன். ஐசி ஆம்பியரைப் பார்ப்பதில்லை, வாட்டைத்தான் பார்க்கிறது. 16.2-லிருந்து 5-ஐக் கழித்தால் 11.2 வோல்ட். அதை 0.25-ஆல் பெருக்கினால் 2.8 வாட். ஹீட்சிங்க் இல்லாத டி.ஓ.220 உறை ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 2.8 வாட்டுக்கு 180 டிகிரிக்கு மேல். அவ்வளவு தூரம் போகும் முன்பே ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் திரும்ப எழும். என் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை செத்துச் செத்துப் பிழைத்ததன் காரணம் அதுதான். அது தெரியாமல் மூன்று நாள் வைஃபை புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஹீட்சிங்க் போட்டால் ஓடியிருக்கும். ஆனால் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், வெயிலில், கிட்டத்தட்ட மூன்று வாட்டைச் சும்மா எரிக்க மனம் வரவில்லை. வேகமாக ஓன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைப்பதால் வெப்பமாக அதிகம் வீணாக்காத எல்.எம்.2596 பக் மாட்யூலுக்கு மாறினேன்.

மாட்யூலைப் பற்றிக் கொஞ்சம். கட்டைவிரல் அகலம், அதைவிடச் சற்று அதிக நீளம். ஐசி, ஒரு காயில் (கம்பிச்சுருள்), ஒரு ஷாட்கி டையோடு, இரண்டு கெப்பாசிட்டர், நீல நிறத்தில் பல சுற்று டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று. அசல் ஐசியின் டேட்டாஷீட் சொல்வது: இன்புட் 40 வோல்ட் வரை, அவுட்புட் 3 ஆம்பியர், சுவிட்சிங் வேகம் 150 கிலோஹெர்ட்ஸ், ஃபீட்பேக் காலில் (அவுட்புட் எவ்வளவு என்று ஐசி பார்க்கும் பின்) எப்போதும் 1.23 வோல்ட். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டிரிம்பாட்டைத் திருகினேன், மீட்டர் அசையவில்லை. ஐந்து சுற்று, எட்டு சுற்று, அவுட்புட் 15-லேயே நின்றது. மாட்யூல் கெட்டது என்று முடிவுகட்டி அடுத்ததை எடுக்கப் போனேன். பிறகுதான் பொறுமையாக இடப்பக்கம் திருகிக்கொண்டே போனேன். பன்னிரண்டு சுற்றுக்குமேல் போன பிறகு வோல்டேஜ் இறங்கத் தொடங்கியது. 10 கிலோஓம் டிரிம்பாட்டில் 5 வோல்ட்டுக்குரிய இடம் ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. அதனால் அங்கே லேசாகத் தொட்டாலே அரை வோல்ட் ஓடுகிறது. ஒருவழியாக 5.00-ல் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இணைத்தேன்.

ஐசி கைக்கு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ரிலே இழுக்கும்போதெல்லாம் ரீசெட். சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் போதவில்லை, என்ற செய்தி. மாட்யூலின் அவுட்புட்டில் மீட்டரை வைத்தால் 5.00. உடனே செய்தது எல்லோரும் செய்வதுதான்: மாட்யூலின் அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பலன் இல்லை. 2200 போட்டேன். அப்போதும் இல்லை.

மீட்டரின் முனைகளை மாட்யூலிலிருந்து எடுத்து இ.எஸ்.பி. போர்டின் பின்களிலேயே வைத்தபோதுதான் கண் திறந்தது. அங்கே 4.7. வைஃபை அனுப்பும் நொடியும் ரிலே இழுக்கும் நொடியும் சேர்ந்தால் அதற்கும் கீழே. பிரெட்போர்டு, இரண்டு ஜம்பர் வயர், நாலைந்து தளர்ந்த தொடர்பு, இவைதான் நடுவில் நின்று வோல்டேஜைத் தின்றன. போர்டிலேயே இருக்கும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் கொடுக்க, தன் இன்புட்டில் அதைவிட 1.1 முதல் 1.3 வோல்ட் வரை கூடுதலாகக் கேட்கும். அதாவது 4.6. என் 4.7-க்கும் அதற்கும் இடையில் இருந்தது 0.1 வோல்ட். வேண்டாத இடத்தில் ஆயிரம் மைக்ரோஃபாரட் வைத்து என்ன பயன்? கெப்பாசிட்டர் லோடின் காலடியில் இருக்க வேண்டும்.

பிரெட்போர்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பெர்ஃப்போர்டில் சால்டர் செய்தேன். பவர் வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அது மீட்டருக்கு 0.035 ஓம் அளவுதான், அரை மீட்டர் போய் வந்தாலும் கவலையில்லை. 470 மைக்ரோஃபாரட் ஒன்றை இ.எஸ்.பி. பின்களுக்கு ஒட்டினாற்போல வைத்தேன். பிரவுன்அவுட் அன்றோடு நின்றது.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் காலை பெட்டி இருட்டாக இருந்தது.

மூடியைத் திறந்ததும் மூக்குக்கே விஷயம் தெரிந்துவிட்டது. இ.எஸ்.பி. போர்டில் ரெகுலேட்டர் கருகியிருந்தது, அல்ட்ராசோனிக் சென்சாரும் போய்விட்டது. மாட்யூலை மட்டும் தனியாகக் கழற்றி மேசையில் வைத்து அளந்தேன். 15.3 வோல்ட். நான் 5-ல் வைத்து, திருகின் மேல் நகப்பூச்சு வேறு தடவியிருந்தேன், அது விரிசல் விடாமல் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டிரிம்பாட்டை மெல்லத் தட்டினேன். 5.0. இன்னொரு தட்டு. 15.3.

உள்ளே நகரும் தொடர்பு, அந்த வைப்பர், தன் தடத்திலிருந்து விலகிப்போயிருந்தது. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் பெட்டியில் மலிவான டிரிம்பாட்டுக்கு அது நடக்கக்கூடியதுதான். என்னை உலுக்கியது அது பழுதானது அல்ல, பழுதானபோது வோல்டேஜ் போன திசை. இந்த மாட்யூலில் டிரிம்பாட் அவுட்புட்டுக்கும் ஃபீட்பேக் காலுக்கும் நடுவில் இருக்கிறது. ஃபீட்பேக் காலிலிருந்து தரைக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர். டிரிம்பாட் திறந்துகொண்டால் ஃபீட்பேக் கால் தரைக்கு இறங்கும். ஐசிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: அவுட்புட் மிகக் குறைவு, ஏற்று. அது ஏற்றிக்கொண்டே போய் இன்புட்டைத் தொட்டுவிடும். ஐசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அன்றிலிருந்து எந்த ரெகுலேட்டர் சர்க்யூட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதில் ஒரு கால் விட்டுப்போனால் அவுட்புட் மேலே போகுமா கீழே போகுமா என்பதுதான். மாட்யூலை வாங்கும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. எரிந்த போர்டும் சென்சாரும் சேர்ந்தால் இதுபோல ஏழெட்டு மாட்யூல் வாங்கலாம்.

டிரிம்பாட்டைப் பிடுங்கினேன். சால்டரை உறிஞ்சி எடுக்கும் பம்ப் போதவில்லை, காப்பர் பின்னல் தேவைப்பட்டது. அவசரத்தில் ஒரு மாட்யூலின் தடத்தையே உரித்துவிட்டேன். இரண்டாவதில் முதலில் புது ஈயம் கொஞ்சம் விட்டு, மூன்று காலையும் ஒன்றாக உருக்கி இழுத்தபோது சுத்தமாக வந்தது. தரைப்பக்க ரெசிஸ்டரின் மேல் 331 என்று இருந்தது, அதாவது 330 ஓம். இப்போது அந்த 1.23 வருகிறது. அவுட்புட் என்பது 1.23 பெருக்கல் (ஒன்று கூட்டல் (மேல் ரெசிஸ்டர் வகுத்தல் கீழ் ரெசிஸ்டர்)). மேல் ரெசிஸ்டர் டிரிம்பாட் இருந்த இடத்தில் வருவது, கீழ் ரெசிஸ்டர் அந்த 330 ஓம். மேலே 1 கிலோஓம் போட்டால் 4.96 வோல்ட். எந்தப் பெட்டியிலும் கிடக்கும் ஒரு சாதாரண 1 கிலோஓம் இவ்வளவு பொருத்தமாக வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு அவுட்புட்டில் ஒரு ஃபியூஸ் வந்தபோது அதன் இழப்பை ஈடுகட்ட 22 ஓம் ஒன்றைத் தொடரில் சேர்த்தேன். கணக்குப்படி 5.04. மீட்டரில் 5.05. இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். உங்கள் மாட்யூலில் கீழ் ரெசிஸ்டர் வேறு மதிப்பாக இருக்கலாம், அளக்காமல் 1 கிலோஓமைச் சொருகிவிடாதீர்கள்.

ரெசிஸ்டரும் ஒருநாள் விட்டுப்போகலாம், ஐசியின் சுவிட்சே ஷார்ட் ஆகலாம். அதனால் காவலுக்கு ஒரு குரோபார் கட்டினேன். வோல்டேஜ் எல்லை மீறினால் லைனையே ஷார்ட் செய்து ஃபியூஸைப் போக்கும் ஏற்பாடு அது. பி.டி.151 என்ற எஸ்.சி.ஆர். (கேட் என்ற காலுக்குக் கரண்ட் வந்ததும் ஓன் ஆகி அப்படியே நிற்கும் சுவிட்ச்), அதன் கேட்டுக்கு 5.6 வோல்ட் ஜீனர் (அந்த வோல்டேஜைத் தாண்டினால் கரண்டை விடும் டையோடு, 1என்4734ஏ), கேட்டிலிருந்து தரைக்கு 100 ஓம், அதனோடு 0.1 மைக்ரோஃபாரட். அந்தச் சின்ன கெப்பாசிட்டர் இல்லாமல் முதல் நாள் ரிலே அணையும் அதிர்விலேயே எஸ்.சி.ஆர். ஓன் ஆகிவிட்டது.

ஃபியூஸை எங்கே வைப்பது? இன்புட்டில்தான், எங்கும் அப்படித்தானே வைப்போம் என்று 1 ஆம்பியர் ஃபியூஸை அடாப்டர் பக்கம் வைத்தேன். இ.எஸ்.பி.க்குப் பதில் 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, டிரிம்பாட் உள்ள வேறொரு மாட்யூலை இணைத்து மெல்ல ஏற்றினேன். 5.5, 5.8, 6.0. 6.2-ஐத் தொட்டதும் வோல்டேஜ் தடாலென்று 0.9-க்கு விழுந்தது. எஸ்.சி.ஆர். வேலை செய்துவிட்டது. ஆனால் ஃபியூஸ் அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் போனது, மாட்யூலின் ஐசி தொட முடியாத சூடு. பதறி அடாப்டரைப் பிடுங்கினேன்.

காரணம் புரிய ஒரு மாலை ஆயிற்று. பக் மாட்யூலின் அவுட்புட்டை ஷார்ட் செய்தால் ஐசி தன் கரண்ட் லிமிட்டில், சுமார் 4.5 ஆம்பியரில், நின்றுகொள்ளும். ஆனால் அவுட்புட் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்று. ஐசியின் இழப்பையும் சேர்த்து மொத்தம் சில வாட்தான். அதே வாட் 16 வோல்ட் பக்கத்தில் அரை ஆம்பியர்தான் ஆகும். அரை ஆம்பியருக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் ஏன் போகப்போகிறது? 7805 போன்ற லீனியர் ரெகுலேட்டரில் உள்ளே போகும் ஆம்பியரும் வெளியே வரும் ஆம்பியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் பக் சர்க்யூட்டைப் பார்த்ததுதான் என் பிழை.

ஃபியூஸை மாட்யூலின் அவுட்புட்டுக்கும் எஸ்.சி.ஆருக்கும் நடுவில் மாற்றினேன். திரும்பவும் ஏற்றினேன். 6.2-ல் டப் என்று கண்ணாடிக்குழாய் கறுத்தது. மூன்று ஃபியூஸைச் சோதனைக்கே பலி கொடுத்தேன், மூன்று முறையும் 6.1-க்கும் 6.2-க்கும் நடுவில். பிறகு ஐசியின் சுவிட்ச் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று பார்க்க, மாட்யூலைத் தவிர்த்து அடாப்டரையே நேராக ஃபியூஸின் முன்னால் கொடுத்தேன். அப்போதும் ஃபியூஸ் போனது, லோடு தப்பியது.

இனி பாக்கி எல்.எம்.35. அது ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சென்சார். என் கிராஃபில் வெப்பநிலை இரண்டு டிகிரி மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்தேன். கோடு அழகாக நேரானது. ஆனால் பாதரச வெப்பமானியைவிட எப்போதும் ஒரு டிகிரி அதிகம் காட்டியது. சராசரி எடுத்ததால் கோளாறு போகவில்லை, கண்ணிலிருந்து மறைந்தது, அவ்வளவே. சராசரி எடுப்பதை நீக்கிவிட்டு நண்பரிடம் ஆசிலோஸ்கோப் (வோல்டேஜின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வாங்கி வந்தேன்.

முதலில் திரையில் 400 மில்லிவோல்ட் ஊசிகள். புரோபின் நீளமான தரை வயரே ஆண்டெனாவாகி அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, புரோபின் முனையிலேயே சிறு ஸ்பிரிங்கைத் தரையாக வைத்து, கெப்பாசிட்டரின் கால்களிலேயே அளந்தால் 90 மில்லிவோல்ட். அது நிஜமான ரிப்பிள், அதாவது சுவிட்சிங்கால் அவுட்புட்டில் வரும் சிற்றலை. அதன் வேகத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: 150 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 52. அது எல்.எம்.2576 என்ற பழைய ஐசியின் வேகம். மேலே 2596 என்று அச்சடித்து உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. 150-க்கு அளவெடுத்த காயிலும் கெப்பாசிட்டரும் 52-ல் திணறத்தான் செய்யும். பக் மாட்யூலை வாங்கியதும் முதலில் அதன் சுவிட்சிங் வேகத்தைப் பாருங்கள், முடிந்தால்.

ரிப்பிளை வடிகட்ட 10 மைக்ரோஹென்றி காயிலும் 100 மைக்ரோஃபாரட்டும் போட்டேன். 90 மில்லிவோல்ட் 8 ஆனது. காயில் தேடியே ஒரு வாரம் போனது. மாட்டி முடித்த பிறகு எல்.எம்.35-இன் டேட்டாஷீட்டை மறுபடி எடுத்தபோது, அது இழுப்பது 60 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு என்ற வரி கண்ணில் பட்டது. அறுபது மைக்ரோஆம்பியருக்குக் காயில் எதற்கு? 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் இழப்பு 6 மில்லிவோல்ட், அவ்வளவுதான். காயிலை எடுத்துவிட்டு அதே 100 மைக்ரோஃபாரட்டுடன் 100 ஓம் போட்டேன். ஸ்கோப்பின் சொந்த இரைச்சலுக்கு அடியில் ரிப்பிள் மறைந்துவிட்டது. காயிலைவிட ரெசிஸ்டர் நன்றாக வேலை செய்தது, அதுவும் பெட்டியில் ஏற்கெனவே கிடந்தது.

துள்ளல் போயிற்று. ஆனால் ரிலே ஓன் ஆகும்போது மட்டும் சரியாக ஒரு டிகிரி ஏறியது. இதற்கு ஸ்கோப் தேவைப்படவில்லை, பேப்பர் போதும். ரிலே காயில் 70 மில்லிஆம்பியர். எல்.எம்.35-இன் தரை வயரும் ரிலேயின் தரை வயரும் ஒரே மெல்லிய தடம் வழியாகத் திரும்பின. மீட்டரில் அந்தத் தடம் 0.15 ஓம். பெருக்கினால் 10.5 மில்லிவோல்ட், அதாவது ஒரு டிகிரி. ரிலேக்குத் தனித் தரை வயர், சென்சாருக்குத் தனி, இரண்டும் மாட்யூலின் மைனஸ் முனையில் மட்டும் சந்திக்கும்படி மாற்றினேன். வெப்பமானியும் கிராஃபும் இப்போது ஒரே எண்ணைச் சொல்கின்றன.

கடைசியாக எடுத்த அளவுகள்: இன்புட் 16.2 வோல்ட், 0.11 ஆம்பியர். அவுட்புட் 5.05 வோல்ட், 0.26 ஆம்பியர். கிட்டத்தட்ட 74 சதவீதம். அதே இடத்தில் 7805 கொடுத்திருக்கக்கூடியது 31.

அடுத்த போர்டில் டிரிம்பாட் உள்ள மாட்யூலைத் தொடவே மாட்டேன், 5 வோல்ட்டுக்கே நிலையாகச் செய்த ஐசியை வாங்கி நானே கட்டுவேன். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை எடுத்துவிட்டு 12 வோல்ட்டில் அசையாமல் நிற்கும் ஒன்றைப் போடுவேன். ஃபியூஸ் ஹோல்டரை மூடியின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும், இப்போது அதை மாற்ற நாலு ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருக்கிறது. மாட்யூலின் முனை, ஃபியூஸுக்குப் பின், இ.எஸ்.பி.யின் காலடி என மூன்று இடத்தில் புரோப் மாட்ட வளையம் விடுவேன். பிடுங்கிய அந்த டிரிம்பாட் மேசையில் ஒரு டப்பாவில் இருக்கிறது. நேற்று மீட்டரில் வைத்துப் பார்த்தேன், தட்டினால் 1 கிலோஓம், இன்னொரு முறை தட்டினால் முடிவிலி.